சுகர் வந்த பிறகு என் சமையலறை

சுகர் இருக்கிறது என்று வெளியில் தெரிந்ததுமே ஆளாளுக்கு ஒன்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அரிசியைத் தொடாதே, சப்பாத்திக்கு மாறிவிடு, கேழ்வரகைக் கரைத்துக் குடி, வெந்தயத்தை ஊறவை. யாரும் அக்கறையில்லாமல் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கிற ஒருத்தி, காலையில் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போது இதில் எதைச் செய்வது, எவ்வளவு செய்வது என்பதற்கு அந்தப் பேச்சில் பதில் இருக்காது. எனக்கு அந்தப் பதிலைக் கொடுத்தவர்கள், மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிற சில பெண்கள். எல்லோருக்கும் சுகர். எல்லோரும் சமைக்கிறவர்கள். நான் சாப்பிடுகிற அதே இட்லியைச் சாப்பிடுகிறவர்கள்.

என் ரிப்போர்ட்டைச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் 178. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 271. ஹெச்பிஏ1சி 8.9. பல் எடுப்பதற்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையில் வந்தது இது. அதிக தாகம், எடை குறைவு என்று எந்த அறிகுறியும் எனக்கு இருக்கவில்லை. பலருக்கும் இப்படித்தான், வேறு எதற்கோ ரத்தம் கொடுக்கும்போதுதான் தெரியவருகிறது.

புதிதாக ரிப்போர்ட் வாங்கியவர்களுக்காக இந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் அது நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். ஹெச்பிஏ1சியைப் பேச்சில் 'மூணு மாச சுகர்' என்கிறோம். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அந்தக் காலத்தில் அதில் ஒட்டிய சர்க்கரையின் அளவைத்தான் இந்தப் பரிசோதனை காட்டுகிறது. அதனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உண்மை நிலையிலிருந்து தள்ளி வரலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று யோசித்தால், டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டியதன் அவசியம் புரியும்.

"உனக்கா? ஒல்லியாத்தானே இருக்க!" என்று கேட்காத உறவினர் இல்லை. ஒல்லியாகத் தெரிகிறவர்களுக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். இந்திய உடம்புக்கு உடல் நிறை குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடுகிற பிஎம்ஐ) 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கு வைப்பது இதனால்தான். மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து செய்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று அது சொல்கிறது. இவ்வளவு பேருக்கு இருக்கிற ஒரு நோயை ஒளித்து வைக்க என்ன தேவை? ஆனாலும் ஒளிக்கிறோம். மகளுக்கு வரன் பார்க்கிற வீடுகளில் இன்னும் அதிகம் ஒளிக்கிறோம்.

மாத்திரையோடு ஒரு அச்சடித்த உணவுப் பட்டியலும் கொடுத்து அனுப்பினார்கள். ஓட்ஸ், பிரவுன் பிரெட், ஆப்பிள், ப்ரோக்கோலி. எங்கள் தெருக் காய்கறி வண்டியில் அவரைக்காயும் கொத்தவரங்காயும் பீர்க்கங்காயும் வரும். அந்தப் பட்டியலில் இவை எதுவுமே இல்லை. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. யாருடைய வீட்டுக்கு என்று பார்க்காமல் எழுதிய பட்டியல் அது, அவ்வளவுதான்.

தெப்பக்குளத்தில் நடக்கப் போனபோது முதலில் பேச்சுக் கொடுத்தவர் தெற்குவாசல் பக்கத்து அக்கா ஒருவர். நீண்ட கால சுகர்க்காரர். "காலையில வெறும் வயித்துல பாத்துட்டு விட்டுட்டா ஆச்சாத்தா? இட்லியத் தின்னுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாரு. அப்பத்தான் இட்லி உன்னைய என்ன பண்ணுதுன்னு தெரியும்" என்றார். இதைவிடப் பயனுள்ள ஒரு வாக்கியத்தை இந்த நோயைப் பற்றி நான் கேட்டதில்லை.

அவர்கள் எல்லோரிடமும் ஒரு சின்ன நோட்டு இருந்தது. சாப்பிடுவதற்கு முன் ஒரு எண், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு எண், நடுவில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம். வீட்டில் சுகர் பார்க்கிற மீட்டரில் போடும் ஸ்ட்ரிப் விலை சும்மா இல்லை, தினமும் மூன்று வேளையும் குத்திக்கொண்டிருக்க நம்மால் முடியாது. அதனால் ஒரு வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே ஆராய்வோம். இந்த வாரம் காலை டிபன் என்றால் அடுத்த வாரம் மதியச் சாதம். நடக்கும்போது நோட்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். மற்றவர்களுடைய நோட்டிலிருந்தும் கற்றுக்கொள்வதால் ஒருத்தி செலவழிக்கிற ஸ்ட்ரிப் எல்லோருக்கும் பயன்படுகிறது.

அளப்பதில் இரண்டு விஷயம். பழம் நறுக்கிய கையோடு, கழுவாமல் விரலைக் குத்தினால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். இரண்டாவது, விரல் குத்துகிற ஊசியையும் அதைச் செருகுகிற பேனாவையும் ஒருவருடையதை இன்னொருவர் தொடக்கூடாது. அக்கா தங்கச்சியாக இருந்தாலும் கூடாது. ரத்தத்தில் பரவுகிற கிருமிகள் அதன் வழியாகப் போகும்.

என் நோட்டின் முதல் பக்கங்களில் இருப்பது இட்லிதான். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும்: முன்பு 142, பின்பு 248. இரண்டு இட்லி, முருங்கைக்காயும் கத்திரிக்காயும் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: முன்பு 138, பின்பு 187. அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்தேன்: பின்பு 171. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கிற சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன என்று படித்திருந்தேன். படித்ததை என் விரலிலிருந்து வந்த எண்ணாகப் பார்த்தது வேறு அனுபவம். அதற்குப் பிறகு யாரும் என்னை நடக்கச் சொல்லித் துரத்த வேண்டியிருக்கவில்லை.

கேழ்வரகுக் கூழ் எங்கள் நோட்டுகளில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஒரு பெரிய டம்ளர் கூழ் குடித்த பிறகு எனக்கு 236. இன்னும் இரண்டு பேருக்கும் அதே போக்கு. அரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 70 கிராமை ஒட்டி இருக்கிறது. கால்சியமும் நார்ச்சத்தும் கேழ்வரகில் நிச்சயம் அதிகம். ஆனால் நைசாக அரைத்த மாவை நீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால், மெல்லும் வேலை கூட இல்லாமல் நேரே உள்ளே போய்விடுகிறது. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு ஒரே ஒரு அடை தட்டி, கூடவே ஒரு கிண்ணம் தட்டப்பயறுச் சுண்டல் சாப்பிட்டபோது அந்த ஏற்றம் இல்லை. சிறுதானியம் என்ற பேருக்காக அளவில்லாமல் சாப்பிட முடியாது என்று எங்களுக்குப் புரிந்தது அப்படித்தான். கருப்பட்டி, வெல்லம், தேன் விஷயமும் இதுவே. நிறம் வேறு, சத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ரத்தத்தில் போய்ச் சேரும்போது சர்க்கரைதான்.

மதியச் சாதம்தான் கஷ்டமான இடம். சாதம் சாப்பிடாமல் என்னால் இருக்க முடியாது, இருக்கவும் விரும்பவில்லை. 150 கிராம் சாதம் கொள்கிற ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தேன். அதில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். அந்தக் கிண்ணத்துக்கு மேல் ஒரு பருக்கை இல்லை. ஆனால் தட்டில் சாதம் விழுவதற்கு முன் பொரியலும் கீரையும் நிறைய, மீனோ முட்டையோ கொண்டைக்கடலையோ ஒன்று. அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில்தான் சாதம். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று அமெரிக்காவில் செய்த சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் நோட்டுகளும் அதையே சொல்லின. முதலில் குழம்புச் சோறு, அப்புறம் ரசச் சோறு, அப்புறம் மோர்ச் சோறு என்று மூன்று முறை சாதம் வாங்குகிற நம் பழக்கத்தை ஒரே கிண்ணத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுகிறேன்.

நம் சாப்பாட்டில் பருப்பு என்பது பெரும்பாலும் சாம்பாரில் கரைந்த தண்ணீராகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன அதே சென்னை நிறுவனத்தார் 2022-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சாப்பாட்டிலிருந்து கிடைக்கிற மொத்த சக்தியில் மாவுச்சத்தின் பங்கைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு ஏற்றச் சொல்கிறார்கள். சமையலறை மொழியில் சொன்னால்: அடைக்கு அரிசியைக் குறைத்துப் பருப்பை மூன்று பங்காக்கினேன். இட்லி மாவில் உளுந்தைக் கூட்டினேன், இட்லி சற்றே சப்பையாக வந்தது, தோசைக்கு அருமையாக இருந்தது. சாயங்காலம் டீயோடு பிஸ்கட் இருந்த இடத்தில் கொள்ளு, மொச்சை, பாசிப்பயறு என்று மாறி மாறிச் சுண்டல். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கிற நாளில் குழம்பில் கூடுதலாக நாலு துண்டு. ஆனால் எங்களில் ஒரு அக்காவுக்குச் சிறுநீரகத்தில் பிரச்சினை தொடங்கியிருக்கிறது. அவருடைய டாக்டர் புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார். அவர் என் தட்டைப் பார்த்து அப்படியே செய்யக்கூடாது. அதை ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்வதும் எங்கள் வேலைகளில் ஒன்று.

இதுவரை சொன்னது உணவு. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய மாற்றம் எப்போது சாப்பிடுகிறேன் என்பதில் நடந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப் போட்டு, மூன்று மணிக்கு மேல் மிச்சம் மீதியைச் சாப்பிடுகிற பெண்கள் நாம். பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, வீணாகிவிடுமே என்று வாயில் போடுகிற பாயசம். மாத்திரைக்கு நேரம் உண்டு, சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. இதைப் பற்றி எந்த உணவுப் பட்டியலிலும் ஒரு வரி கிடையாது. தெற்குவாசல் அக்கா இதை முதல் வாரமே கேட்டார்: "நீ எத்தன மணிக்குச் சாப்பிடுற? யாரோட சாப்பிடுற?" வீட்டில் மாமியாரிடம் உட்கார்ந்து பேசினேன். "அத்தை, டாக்டர் ஒரு மணிக்குச் சாப்பிடச் சொல்லிருக்காங்க. உங்ககூடவே உக்காந்து சாப்பிட்டுக்கிறேன்" என்றேன். அவர் தட்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். சண்டை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் சண்டை வரவில்லை. எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது என்று எங்கள் கூட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் கணவரை ஒரு முறை டாக்டரிடம் கூடவே அழைத்துப் போவது உதவியது. நாம் நூறு தடவை சொன்னது, டாக்டர் ஒரு தடவை சொன்னால் ஏறுகிறது.

எனக்கென்று தனிச் சமையல் செய்யக்கூடாது என்பதும் கூட்டத்தில் உறுதியாகச் சொன்ன ஒன்று. தனிச் சமையல் ஒரு மாதம் தாங்கும், அதற்குப் பிறகு அலுத்துவிடும். மேலும் பெற்றோருக்குச் சுகர் இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆகவே பாத்திரம் ஒன்றுதான். பொரியல் எல்லோருக்கும் இரண்டு மடங்கு. சாதத்தின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரியில் பரோட்டா பார்சல் வாங்கிவரும் வழக்கம் மட்டும் உடனே போகவில்லை. "ஏங்க, வாங்குறதுன்னா எனக்கு ஒரு ஆம்லெட்டும் சேத்து வாங்கிட்டு வாங்க" என்று சொன்னேன். நான் ஆம்லெட்டோடு ஒரு பரோட்டாவில் பாதி எடுத்துக்கொள்வேன். இப்போது பார்சல் வருவதே அபூர்வமாகிவிட்டது.

மதுரையில் சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் வீதிக்கு வீதி பானகம் கொடுப்பார்கள். அழகரை எதிர்கொள்ளச் செம்பு நிறையச் சர்க்கரை எடுத்துப் போகிற ஊர் இது. நீர்மோர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கிறோம். பானகத்தைப் பிரசாதம் என்று உள்ளங்கையில் ஒரு வாய். ஜிகர்தண்டாவை முழுக் கண்ணாடி குடிப்பதில்லை. மாம்பழக் காலத்தில் சாப்பாட்டோடு சேர்க்காமல், தனியாக, இரண்டு கீற்று. கல்யாணப் பந்தியில் இலையின் மேல் வரிசையில் இருக்கிற கூட்டு, பொரியல், அவியலை இரண்டாம் முறையும் தாராளமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், பரிமாறுகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

இனி கூட்டம் எதைச் செய்யக்கூடாது என்பது. மாத்திரையைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் டாக்டரிடம் மட்டும். ஆவாரம்பூ டீ குடிக்கிறவர்கள் உண்டு, சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுகிறவர்களும் உண்டு. அதை டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்போம். ஏனென்றால் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவதைக் கண்டிப்பாக எதிர்ப்போம். 'குணமாகிவிட்டது' என்ற பேச்சும் அப்படித்தான். மாத்திரையே இல்லாமல் மூன்று மாதமாவது ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் அதை நோய் அடங்கிய நிலை என்கிறார்கள். பிரிட்டனில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்போடு மிகக் குறைந்த கலோரி உணவு எடுத்து எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் அந்த நிலையை அடைந்தார்கள். அவர்கள் எல்லோரும் நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள். புதிதாகத் தெரிந்தவர்களுக்கு நம்பிக்கை தருகிற செய்தி இது. ஆனால் அடங்கியது திரும்ப எழலாம், பரிசோதனையை விடக்கூடாது.

எனக்கு மூன்று மாதத்தில் 8.9 என்பது 7.4 ஆனது, அடுத்ததில் 6.6. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை தொடர்கிறது. அதை நீண்ட காலம் எடுக்கிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். மாத்திரைச் செலவு பாரமாக இருக்கிறவர்களுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் கூட்டத்து அம்மா ஒருவருக்கு வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை விரதம் என்று டிபன் சாப்பிடாமல், கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு நடக்க வந்த ஒருவருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இப்படி வரும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்து, தெளிந்ததும் சாப்பிட வைத்தோம். மயங்கிவிட்டவர்களுக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108-க்குக் கூப்பிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் விரதம் இருப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது எங்களில் ஒவ்வொருவர் பையிலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.

கூட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கேரளத்தில், சுகர் வரும் ஆபத்தில் இருந்த ஆயிரம் பேரை வைத்து, அக்கம்பக்கத்தினரே தலைமை தாங்கிய குழுக்களை இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்தார்கள். காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது. ஆனால் சுகர் வந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. பழக்கத்தை மாற்றக் கூட்டம் உதவுகிறது, மருத்துவம் செய்ய வேண்டியதை அதனால் செய்ய முடியாது. எங்களுக்கும் அந்த எல்லை தெரியும்.

எல்லோரும் தள்ளிப்போடுகிற பரிசோதனைகளில்தான் கூட்டத்தின் பலனை நான் நேரடியாகக் கண்டேன். சுகர் தெரிந்ததுமே ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் கோயில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடந்து, சூடு தெரியாமலேயே கொப்புளம் வந்தவர் எங்களிடம் இருக்கிறார். அதனால் ராத்திரி படுக்கும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிடுகிறோம். கண் நன்றாகத் தெரிகிறவரை யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை, விழித்திரைக் கோளாறோ பார்வை மங்குவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், வெளிச்சம் கூசும், ஸ்கூட்டி ஓட்டி வர முடியாது. தனியாகப் போக முடியாது என்பதாலேயே பல பெண்கள் போகாமல் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து போகிறோம், ஒரு குழுவுக்கு மருந்து விடும்போது மறு குழு கூட இருக்கும். அடுத்த முறை போகும்போது, போன மாதம் புதிதாக வந்து சேர்ந்த பெண்ணையும் அவருடைய மாமியாரையும் அழைத்துப் போகிறோம். மாமியாருக்கும் சுகர்தான், இதுவரை ஒரு முறைகூடக் கண்ணைக் காட்டியதில்லை.